மீன்பிடிச் சங்கம் வீடியோவை அழிக்கச் சொல்லலாமா?

கேள்வி: நான் ஹரோவில் வசிக்கிறேன். பக்கிங்ஹாம்ஷியரில் ஏரி ஒன்றை வைத்திருக்கும் மீன்பிடிச் சங்கத்தில் சில வருடங்களாக அங்கத்தவர். அங்கே தூண்டில் போடுவதைத் தமிழில் வீடியோவாக எடுத்து யூரியூப்பில் போடுகிறேன். அதில் சிறு வருமானமும் வருகிறது. அண்மையில் சங்கத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இனிமேல் கரையில் வீடியோ எடுக்கக்கூடாது, படமோ இடத்தின் பெயரோ எந்தச் சமூக ஊடகத்திலும் வரக்கூடாது, பழைய வீடியோக்களையும் 14 நாளுக்குள் அழிக்கவேண்டும், மறுத்தால் சங்கத்திலிருந்து நீக்குவோம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமையே சங்கத்தின் பெய்லிஃப் (நீர்நிலைக் காவலர்) வந்து என் போனை நீட்டச் சொன்னார். வெள்ளைக்கார அங்கத்தவர்கள் மீனைத் தூக்கிப் பிடித்த படங்களை முகநூலில் போட்டபடிதான் இருக்கிறார்கள். படம் எடுப்பதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்கிறார் என் நண்பர். அது சரியா?
— வாசகர், ஹரோ

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. பொது இடத்தில் நின்று படம் எடுப்பதைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் இங்கிலாந்தில் இல்லை. ஆனால் நீங்கள் நின்றது பொது இடம் அல்ல. கடலின் ஏற்றவற்றம் எட்டாத ஆறுகளிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை தனியாருடையது. பெரும்பாலும் கரை நிலத்தின் சொந்தக்காரருடையது. சங்கம் அதை விலைக்கு வாங்கியிருக்கும், அல்லது குத்தகைக்கு எடுத்திருக்கும். நீங்கள் காசு கட்டி எடுக்கும் தூண்டில் லைசென்ஸ் வேறு விஷயம். அது கையில் இருக்கிறது என்பதற்காக ஒருவருடைய கரையிலும் கால் வைக்க முடியாது.

இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமான வழக்கு மீனைப் பற்றியது அல்ல, நாயைப் பற்றியது. ஒரு நாய்க் கண்காட்சியை நடத்தியவர்கள் அதைப் படமெடுக்கும் தனியுரிமையை ஒரு பத்திரிகைப் பட நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். உள்ளே வந்த இன்னொருவர் தானும் படம் எடுத்தார். ‘அவர் டோக்ஸ்’ என்ற பத்திரிகை அதை வெளியிட்டது. தடையுத்தரவு கேட்டு நிறுவனம் நீதிமன்றம் போனது. 1916இல் தோற்றது, 1917இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. கண்ணுக்குத் தெரியும் காட்சி ஒருவருடைய சொத்து ஆகாது என்றது நீதிமன்றம். கூடவே இன்னொன்றையும் சொன்னது: இடம் உங்களுடையது, ஆகவே ‘கமரா கொண்டுவரக்கூடாது’ என்று நிபந்தனை போட்டே ஆட்களை உள்ளே விட்டிருக்கலாம், நீங்கள் போடவில்லை.

உங்கள் விவகாரம் முழுவதும் இந்தத் தீர்ப்புக்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். ஏரியின் காட்சி சங்கத்தின் சொத்து அல்ல. ஆனால் உள்ளே விடும்போது சங்கம் போடும் நிபந்தனைக்கு வலு உண்டு. எனவே சங்கம் நிபந்தனையை ஒழுங்காகப் போட்டதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இப்படியான சங்கங்கள் பல கம்பனியாகப் பதியப்படாதவை. அவற்றின் யாப்பும் விதிகளும் அங்கத்தவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை அதில் சொன்ன வழியில் மட்டுமே மாற்றலாம். விதிகளை மாற்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் வாக்கெடுப்பு வேண்டும் என்று யாப்பில் இருந்தால், செயலாளர் அனுப்பிய மின்னஞ்சல் வேண்டுகோளே தவிர விதி அல்ல. ஆனால் ‘நீர்நிலை விதிகளை நிர்வாகக் குழு அவ்வப்போது வகுக்கலாம்’ என்ற வரியும் பல யாப்புகளில் இருக்கும். அது இருந்தால் மின்னஞ்சல் போதும், நீங்கள் கட்டுப்பட்டவர். யாப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி, இந்த ஒரு வரியைத் தேடிப்பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நாள் ரிக்கெற் எடுத்து வருகிறவருடைய நிலை கொஞ்சம் வேறு. நிபந்தனை அவருக்குக் காசு கொடுக்கும் முன்பே தெரியவேண்டும். 1970இல் ஒரு கார் தரிப்பிட வழக்கில், இயந்திரம் ரிக்கெற்றைத் துப்பிய பிறகு கண்ணில் படும் நிபந்தனை செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாசலில் பலகை இருந்தால் சங்கத்தின் பக்கம் பலம். ரிக்கெற்றின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மட்டும் இருந்தால் பலவீனம்.

பெய்லிஃப் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. சங்கத்தின் பெய்லிஃப் சங்கத்தின் ஆள். சுற்றுச்சூழல் முகமையின் அதிகாரிக்கு மீன்பிடிச் சட்டங்களின் கீழ் பொலிஸ்காரருக்கு உள்ளதைப் போன்ற அதிகாரங்கள் உண்டு. சங்கத்தின் ஆளுக்கு அவை இல்லை. உங்கள் போனைப் பறிக்கவோ, உள்ளே இருப்பதைப் பார்க்கவோ, அழிக்க வைக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. பறித்தால் தவறு அவருடையது. ஆனால் ‘கரையை விட்டுப் போங்கள்’ என்றால், அது நியாயமோ இல்லையோ, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போய்விடுங்கள். முறைப்பாட்டை வீட்டிலிருந்து எழுதலாம். வெறும் அத்துமீறல் சிவில் தவறுதான் என்று பலர் தைரியமாக நின்றுவிடுகிறார்கள். ஆனால் உரிமை இல்லாமல் தனியார் நீர்நிலையில் மீன்பிடிப்பது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் முதலாவது அட்டவணைப்படி குற்றம். குற்றவாளி எனக் கண்டால் தூண்டில், ரீல் எல்லாவற்றையும் நீதிமன்றம் பறிமுதல் செய்யலாம்.

இனிப் பழைய வீடியோக்கள். 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களே எடுத்துத் தயாரித்த வீடியோவின் உரிமை உங்களுக்கே. கையெழுத்திட்ட எழுத்தின் மூலமன்றி அது இன்னொருவருக்குப் போகாது. ஆகவே சங்கம் யூரியூப்பிடம் ‘எங்கள் பதிப்புரிமை மீறப்பட்டது’ என்று முறையிட முடியாது. முறையிட்டால் அது பொய் முறைப்பாடு. தடை வருவதற்கு முன் போட்டதை விதிமீறல் என்று சொல்வதும் கடினம், ஏனென்றால் அப்போது மீறுவதற்கு விதியே இல்லை. இனிமேல் போடப்போவது வேறு. விதி செல்லுபடியானால், போடமாட்டேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகும். அப்படியான வாக்கை மீறுகிறவருக்கு எதிராக நீதிமன்றங்கள் தடையுத்தரவு கொடுக்கத் தயங்குவதில்லை. ஆனால் ஒரு மீன்பிடிச் சங்கம் சட்டத்தரணிக்குக் காசு கொட்டி அவ்வளவு தூரம் வரும் என்று நான் நம்பவில்லை. அவர்களுடைய உண்மையான ஆயுதம் அங்கத்துவத்தைப் பறிப்பதுதான்.

அதற்கும் முறை உண்டு. நீக்கும் அதிகாரம் யாப்பில் இருக்கவேண்டும். குற்றச்சாட்டு என்ன என்பதை முன்கூட்டியே அறிவித்து, உங்கள் பதிலைக் கேட்டபின்பே முடிவெடுக்கவேண்டும். முறைப்பாடு செய்தவரே தீர்ப்பும் சொல்லக்கூடாது. ‘14 நாள் கழிந்தால் தானாகவே நீக்கம்’ என்பது இந்தப் பரீட்சையில் தேறாது. ஆனால் பெரும்பாலான அங்கத்துவங்கள் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுபவை. வருட முடிவில் புதுப்பிக்க மறுத்துச் சத்தமில்லாமல் வெளியேற்றுவது சங்கங்களுக்குத் தெரிந்த வழி. புதுப்பித்தல் பற்றி யாப்பு சொல்வதையும் சேர்த்தே பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வெள்ளைக்கார அங்கத்தவர்களைப் பற்றியது. 25 பேருக்குக் குறையாத அங்கத்தவர்களும், அவர்களைச் சேர்ப்பதற்கு விதிமுறையும் உள்ள சங்கம், இனத்தைக் காரணமாக வைத்து ஓர் அங்கத்தவரைப் பாதகமாக நடத்தக்கூடாது என்கிறது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம். ஒரே விதி உங்கள்மீது மட்டும் பாய்ந்தால் அது வழக்காகலாம். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் போட்டது பின்னணி தெரியாத ஒரு படம், நீங்கள் போட்டது ஏரியின் பெயரோடு, வாகனம் நிறுத்துமிடம் முதல் மீன் கடிக்கும் மூலை வரை காட்டும் வீடியோ, அதுவும் வருமானத்துக்கு. இரண்டும் சமமானவை அல்ல என்பார்கள். எனவே இடம் அடையாளம் தெரியும் அவர்களுடைய பதிவுகளைத் தேடி, தடை வந்த பிறகு போடப்பட்டவற்றைத் திகதியோடு பிரதி எடுத்துவையுங்கள்.

சங்கத்தின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அரைகுறை ஆலோசனையாகிவிடும். பெரிய கெண்டை வளரும் ஏரிகளை இரகசியமாக வைப்பது இந்த நாட்டில் பழைய வழக்கம். 1952இல் ரிச்சர்ட் வோக்கர் என்பவர் ஹெரெஃபோர்ட்ஷியரின் ரெட்மயர் குளத்தில் 44 இறாத்தல் கெண்டை ஒன்றைப் பிடித்து லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார். அந்தக் குளத்தின் பெயர் இன்றும் தூண்டில்காரர் வாயில் இருக்கிறது. பெயர் பரவினால் கூட்டம் வரும். கூட்டத்தோடு திருடரும் வரலாம். பெரிய கெண்டை உயிரோடு ஆயிரக்கணக்கான பவுணுக்கு விலைபோகும். நிலச் சொந்தக்காரர் தன் பண்ணைக்குள் அந்நியர் நடமாடுவதை விரும்பாமல், குத்தகையிலேயே விளம்பரத் தடை எழுதியிருக்கவும் கூடும். அப்படியானால் நிர்வாகக் குழு உங்களுக்கு விட்டுக்கொடுக்க நினைத்தாலும் முடியாது. இன்னொன்று: பிடித்த மீனைத் திரும்ப விடும் ஏரியில் நின்று, ‘இதைக் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும்’ என்று நீங்கள் பகிடியாகச் சொன்னாலும், தானியங்கி மொழிபெயர்ப்பில் அது பகிடியாகப் போய்ச் சேராது. மற்றவர்களின் முகமும், முக்கியமாகச் சிறுவர்களின் முகமும், வீடியோவில் விழுந்திருந்தால் அவை தனி முறைப்பாடுகளாக வரலாம். யூரியூப்பும் அவற்றைக் கவனிக்கும்.

இப்போதைக்கு வீடியோக்களை அழிக்கவேண்டாம். பிறர் பார்க்க முடியாதபடி மறைத்துவையுங்கள். அழித்தால் எப்போது, எதைப் போட்டீர்கள் என்ற உங்கள் சான்றும் சேர்ந்து போய்விடும். செயலாளருக்கு மின்னஞ்சலில் யாப்பையும், இந்த விதி நிறைவேறிய கூட்டத்தின் அறிக்கையையும், குத்தகையில் விளம்பரத் தடை உண்டா என்ற பதிலையும் கேளுங்கள். பெய்லிஃப் போன் கேட்ட திகதியையும் நேரத்தையும் அதிலேயே பதிவு செய்யுங்கள். ஏரியின் பெயரையும் பின்னணியையும் மறைத்து வீடியோ போடச் சம்மதம் என்றும் எழுதுங்கள். பல சங்கங்கள் அந்த இடத்தில் இறங்கிவரும். இறங்காமல் நீக்கினால், சமத்துவச் சட்ட வழக்கைக் கவுண்டி நீதிமன்றத்தில் பதிய உங்களுக்கு உள்ள காலம் சம்பவத்திலிருந்து ஆறு மாதம். ஒரு நாள் குறைவாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.