ஏழு நாளா, ஏழு வருடமா?

ஒஸ்லோவின் ஏக்கபெர்க் வெளியை அங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நோர்வே கப் உதைபந்தாட்டக் காலத்தில் பிள்ளைகளின் பைகளைக் காவல் காத்தபடி அதன் ஓரங்களில் நின்றவர்கள் அவர்கள். அதே வெளியில் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் பழைய வாகன உதிரிப்பாகச் சந்தை கூடும். கறள் பிடித்த மட்காட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவரை மறித்து, வண்டி எப்போது ஓடும் என்று கேட்டால், வருகிற கோடைக்கு என்பார். எந்த வருடத்துக் கோடை என்று மட்டும் கேட்கக் கூடாது.

அமெரிக்காவுக்கு வெளியே பழைய அமெரிக்க வாகனங்கள் மீது இத்தனை பைத்தியம் கொண்ட இன்னொரு நாட்டைச் சொல்வதென்றால் பக்கத்துச் சுவீடனைத்தான் சொல்லவேண்டும். ஏறத்தாழ 55 இலட்சம் பேர் வாழும் நோர்வேயில், 1975 இல் தொடங்கிய அம்கார் என்ற சங்கம் இந்த மோகத்துக்கென்றே இயங்குகிறது. 1950களின் செவ்ரோலே 3100, ஃபோர்ட் எஃப்-100 போன்ற பிக்கப்களை வாங்கி வார இறுதிகளில் தாங்களே புதுப்பிப்பவர்கள் பலர். பட்டறைக் கூலி நோர்வேயில் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் 'தாங்களே' ஏன் என்பதும் விளங்கும். இவர்களைச் சுற்றி, எவ்வளவு காலம் எடுக்கும் என்பது பற்றிச் சில நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: ஒரு கிழமை போதும், தொலைக்காட்சியில் பார்த்தோமே.

2004 இல் தொடங்கிய 'ஓவர்ஹாலின்' என்ற அமெரிக்க நிகழ்ச்சிதான் இதற்குப் பெரிய காரணம். வடிவமைப்பாளர் சிப் ஃபூஸ் தன் குழுவோடு ஒரு பழைய வண்டியை ஒரே கிழமையில் புத்தம் புதிதாக்கிக் காட்டுவார். அதை ஏமாற்று என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 பேர், நாளுக்கு 12 மணித்தியாலம், 7 நாள் என்று வைத்துக்கொண்டால் 1,680 மணித்தியாலம். பாகங்கள் முன்கூட்டியே வந்து அடுக்கப்பட்டிருக்கும். யார் எதைக் கழற்றுவது என்பதும் தீர்மானமாகியிருக்கும்.

அதே 1,680 மணித்தியாலத்தை ஒஸ்லோவில் ஒரு தனி மனிதரிடம் கொடுங்கள். அவருக்குக் கிடைப்பது கிழமைக்கு ஒரு நாள், 8 மணித்தியாலம். கோடை விடுமுறை, நத்தார், பிள்ளைகளின் காய்ச்சல், கல்யாண வீடுகள் எல்லாம் போக வருடத்தில் 30 கிழமை மிஞ்சினால் அவர் அதிர்ஷ்டசாலி. வருடத்துக்கு 240 மணித்தியாலம். வகுத்தால் 7 வருடம். தொலைக்காட்சியின் ஏழு நாளுக்கும் இவரின் ஏழு வருடத்துக்கும் நடுவே வேலையின் அளவில் வித்தியாசம் கிடையாது. முழுமையான புதுப்பித்தலுக்கு ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் கணக்கிடுவது தொழில்முறைப் பட்டறைகளிலும் வழக்கம்தான். ஆகவே யாராவது "எனக்கு எட்டு வருடம் எடுத்தது" என்று சொன்னால் மலைக்கவும் வேண்டாம், சோம்பேறி என்று நினைக்கவும் வேண்டாம். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள்.

நம்பிக்கை: ஊரில் எங்கள் ஆட்கள் இதையெல்லாம் இரண்டு நாளில் செய்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எவரும் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை, பெருமைப்பட நியாயமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், சில துளி பெற்றோலில் எஞ்சினை உசுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஒஸ்ரின் ஏ40 களையும் மொரிஸ் மைனர்களையும் ஓட்டினார்கள். கிடைக்காத பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்தெடுத்தார்கள், இல்லையேல் வேறு வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டினார்கள். உலகத்தின் எந்த மெக்கானிக்கும் தொப்பியைக் கழற்ற வேண்டிய கெட்டித்தனம் அது.

ஆனால் அந்த வேலையின் கேள்வி, நாளைக் காலை வண்டி ஓடுமா என்பது. ஒஸ்லோக்காரரின் கேள்வி வேறு. கடைசி ஆணிவரை கழற்றி, கறளை அடியோடு நீக்கி, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குக் கொண்டுபோவது அவர் எடுத்துக்கொண்ட பணி. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக்கூட அவர் பிரித்துப்போடுவார். இரண்டையும் ஒரே கடிகாரத்தால் அளக்க முடியாது. இங்கே ஒரு சுவையான கிளைக்கதை உண்டு: இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்லஸ் வேர், அந்தக் காருக்கான தகடுகளையும் பாகங்களையும் இலங்கையில் செய்விக்கும் தொழிலொன்றில் இறங்கினார். மொரிஸ் மைனருக்கும் பிக்கப் வடிவம் இருந்தது. ஐரோப்பாவில் அதைப் புதுப்பிக்கும் ஒருவரின் கையில் இலங்கைத் தகடு வந்து சேர வாய்ப்பிருக்கிறது.

நம்பிக்கை: கார்தான் கஷ்டம், பிக்கப் சுலபம்.

பாதி சரி. சேசி தனி, போடி தனி. உள்ளே ஒரு நீள ஆசனம், நாலு மானி, அவ்வளவுதான். 1950களின் செவ்ரோலே, ஃபோர்ட் பிக்கப்களுக்குத் தளத்தகட்டிலிருந்து பின் பெட்டியின் மரப்பலகைவரை புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

மற்றப் பாதியை வண்டியைப் பிரித்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். கார் வீட்டு வாசலில் நின்றது, பிக்கப் வேலை செய்தது. அளவுக்கு மீறிய பாரத்தில் சேசி வெடித்திருக்கும். வெடிப்பை யாரோ ஒரு விவசாயி இரும்புத் துண்டு வைத்து ஒட்டியிருப்பார். ஒரு வருட வித்தியாசம்கூட மாதங்களை விழுங்கும். 1950 வரை வந்த செவ்ரோலே அரை டன் பிக்கப்களில் ஹக் என்ற வகைப் பிரேக் இருந்தது, அதற்குப் பாகம் தேடுவது தவம். 1951 முதல் பெண்டிக்ஸ் வகை, அதற்குப் பாகம் தாராளம். வாங்கும்போது பளபளப்பைப் பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

ஸ்கண்டிநேவிய வண்டியென்றால் இன்னும் சிக்கல். வொல்வோ 1949 முதல் பிவி445 ஐ வெறும் சேசியாகவும் விற்றது, மேலே வேண்டிய பெட்டியை வெளிப் பட்டறைகள் கட்டின. அப்படிப் பிறந்த பிக்கப்புக்கு எந்த விலைப்பட்டியலிலும் பின்கதவு கிடைக்காது. தகட்டை வாங்கி, பழைய படங்களைப் பார்த்து, தானே வளைக்க வேண்டியதுதான்.

நம்பிக்கை: அரிசோனாவிலிருந்து இறக்கினால் கறளே இராது.

குறைவாக இருக்கும். ஒஸ்லோ வீதிகளில் குளிர்காலத்தில் கொட்டும் உப்பைக் கண்ட வண்டியோடு ஒப்பிட்டால் அது சொர்க்கம். ஆனாலும் கபினின் கீழ் மூலைகளிலும் ஆசனத்துக்கு அடியிலும் ஈரம் தங்கித் தின்ற இடங்கள் பாலைவன வண்டியிலும் உண்டு. பழைய உரிமையாளர் அவற்றைப் பட்டி பூசி மறைத்திருப்பார். வெயில் ரப்பர்களையும் வயர்களையும் பொரித்திருக்கும். இறக்குமதியாகும் பாகங்களுக்கு 25 சதவீத வரியும் சேர்வதால் அடுத்த சம்பளம்வரை பொறுத்திருக்கும் மாதங்களும் கணக்கில் சேரும்.

நம்பிக்கை: எஞ்சின்தான் காலத்தைத் தின்னும்.

பெரும்பாலும் அது சீக்கிரம் முடிகிற வேலை. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் எளிமையானவை, மேசையில் வைத்து உட்கார்ந்து செய்யலாம். விதிவிலக்கு ஒன்று: 1953 வரை செவ்ரோலே அரை டன் பிக்கப்களில் வந்த 216 கன அங்குல எஞ்சினின் பேரிங்குகள் உருக்கி வார்க்கும் பாபிற் உலோகத்தால் ஆனவை. அந்த வார்ப்பைச் செய்யத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். அதனால் பலர் 1954 முதல் பிக்கப்களில் வந்த 235 எஞ்சினைத் தேடிப் பூட்டிவிடுகிறார்கள். அசலையே காப்பாற்றுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு ஒரு வருடம் கூடும். நான் பிடிவாதக்காரர்களின் பக்கம்.

காலத்தைத் தின்பது தகடும் பெயின்றும். வெட்டுவது, ஒட்டுவது, தட்டுவது, தேய்ப்பது, பூசுவது, மறுபடி தேய்ப்பது. கடைசிப் பெயின்றை அடிக்க ஒரு பகல் போதும். அந்தப் பகலுக்கு வந்துசேர ஒரு வருடம் வேண்டும்.

நம்பிக்கை: நோர்வேயின் நீண்ட குளிர்காலம் இதற்கென்றே படைக்கப்பட்டது.

இதுதான் என்னைக் கவர்ந்த நம்பிக்கை. நவம்பரிலிருந்து மார்ச்வரை வெளியே என்ன வேலை, கராஜுக்குள் புகுந்தால் ஒரே குளிர்காலத்தில் முடித்து மே 17 தேசிய தினத்துக்குக் கொடி கட்டி ஓட்டலாமே என்று தோன்றும்.

சூடேற்றிய கராஜ் உள்ளவருக்கு அது ஓரளவு பொருந்தும். ஒஸ்லோவில் அடுக்குமாடியில் குடியிருப்பவருக்குக் கிடைப்பது வாடகைக்கு எடுத்த குளிர்ந்த கராஜ் ஒன்றில் பாதி, அல்லது நகருக்கு வெளியே யாருடையதோ களஞ்சியத்தின் ஒரு மூலை. பிரைமரும் பட்டியும் பெயின்றும் பொதுவாக 15 முதல் 20 பாகை வெப்பம் கேட்கும். குளிரில் பூசினால் இறுகாது, பின்னாளில் உரிந்து வரும். வாயு அடுப்பைக் கொளுத்திச் சூடேற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வாயு எரியும்போது நீராவியும் பிறக்கும். அது போய்க் குளிர்ந்த தகட்டில் வியர்வையாகப் படியும். மணல் பீச்சிக் கறள் நீக்கிய வெறும் இரும்பு அந்த ஈரத்தில் மறுநாளே செம்மை பூக்கும். ஒரு கிழமை வேலை மீண்டும் முதலிலிருந்து.

ஆகவே அனுபவசாலிகள் வருடத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள்: குளிரில் கழற்றல், எஞ்சின், கியர்பெட்டி, வயரிங். மே முதல் செப்டெம்பர்வரை தகடும் பெயின்றும். ஆனால் நோர்வேயில் வருடம் முழுவதும் காத்திருந்த கோடையில் யார் கராஜுக்குள் இருப்பார்கள்? விடுமுறைக் குடிலுக்கும் கடலுக்கும் போகவேண்டும், வீட்டில் உள்ளவர்களும் விடமாட்டார்கள். செப்டெம்பரில் பிரைமர் தவறினால் அடுத்த தவணை மே மாதம். கையில் உள்ள வேலை இரண்டு கிழமைதான், நாட்காட்டியில் எட்டு மாதம் போய்விடும். பொறெத்ஸ்லாக் எனப்படும் கூட்டுறவுக் குடியிருப்பின் வீட்டு விதிகளில் ஞாயிற்றுக்கிழமை அமைதி இருந்தால் கிரைண்டரையும் சம்மட்டியையும் சனிக்கே ஒதுக்கவேண்டும். தொடக்கத்தில் சொன்ன 30 கிழமைக் கணக்கைத் தாராள மனத்தோடுதான் போட்டேன்.

நம்பிக்கை: பிரித்துப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இல்லை. பிரிப்பது சில வார இறுதிகள். ஃபின் இணையச் சந்தையில் "பாகங்கள் பெட்டிகளில்" என்று விற்பனைக்கு வரும் வண்டிகளைப் பிரித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நம்பிக்கை: எஞ்சின் இயங்கி, வண்டி நகர்ந்தால் முடிந்தது.

50 வயது கடந்த வாகனங்களுக்கு நோர்வேயில் காலமுறைத் தொழில்நுட்பப் பரிசோதனை கட்டாயமில்லை. இந்தச் சலுகைதான் 'முடிந்தது' என்ற மயக்கத்தைத் தருகிறது. 1950களின் பிக்கப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய்ச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நாலும் போய்விடும். புதுப்பித்த வண்டியின் முதல் சில நூறு கிலோமீற்றர் எண்ணெய்க் கசிவையும், தளர்ந்த போல்ற்றையும், ஒரு பக்கம் இழுக்கும் பிரேக்கையும் காட்டிக்கொடுக்கும். அவற்றைத் திருத்த இன்னொரு பருவம் போகும். வாகனச் சங்கமான என்ஏஎஃப் இன் பரிசோதனை நிலையத்துக்குத் தானாகவே கொண்டுபோய்ப் பிரேக்கை அளந்து பார்க்கிறவர்கள் அந்தப் பருவத்தையும் தங்கள் கணக்கில் முதலிலேயே சேர்த்து வைத்திருப்பவர்கள்.