வன்தட்டின் நோய்க்குறிகள்

எழுத்தைக் காத்தல் தமிழர்க்குப் புதிய கடமையன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, சிதைந்த ஏடுகளோடு தாம் பட்ட பாட்டைப் பதிப்புரையில் எழுதிவைத்தனர். ஏட்டின் கேடு கண்ணுக்குப் புலனாவது. நிறம் மாறும், துளை விழும், ஓரம் உதிரும். அக்குறி கண்டு நம் முன்னோர் புதிய ஓலையிற் படியெடுத்தனர். இன்று நம் எழுத்தும் நிழற்படமும் பெரும்பாலும் கணினியின் வன்தட்டில் உறைகின்றன. அது கெடுவதற்குரிய குறிகள் யாவை?

முதற்கண் அதன் அமைப்பை அறிவோம். காந்தப் பூச்சுடைய தட்டுக்கள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் ஒரு நுண்முனை, தட்டைத் தொடாது மிதந்து, எழுதியும் படித்தும் வருகின்றது. இடைவெளியோ மயிரிழைப் பருமனில் ஆயிரத்திலொரு கூறினுங் குறைவு. முனை உரசிய இடத்தில் எழுத்து அழியும். வீழ்ச்சி, அதிர்வு, மிகுவெப்பம், முதுமை, மின்சாரம் திடீரென அறுதல் ஆகியன கேட்டுக்குக் காரணங்களாம். 2022ஆம் ஆண்டு நாள்தோறும் நேர்ந்த மின்வெட்டை நாம் மறந்திலோம்.

குறிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, செவிக்குரியது. ‘டிக், டிக்’ என மீண்டும் மீண்டும் எழும் ஒலியும், உராயும் ஒலியும் இறுதி நெருங்கியதைக் காட்டுவன. இரண்டாவது, கண்ணுக்குரியது. சிறு கோப்பும் திறக்க நெடுநேரமாகும். கணினி இடையிடையே அசைவற்று நிற்கும். கோப்புக்களின் பெயர் சிதையும். நேற்றுத் திறந்த படம் இன்று திறவாது. ஆயினும் வேகக் குறைவுக்கு வேறு காரணங்களும் உளவாதலின், அதனை மட்டுங் கொண்டு துணிதல் ஆகாது. மூன்றாவது, தட்டுத் தானே கூறுவது. ‘ஸ்மார்ட்’ எனப்படும் தற்சோதனைப் பதிவில், பழுதுற்று மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணும், படிக்க இயலாது நிற்கும் பகுதிகளின் எண்ணும் காணப்படும். அவை வளர்ந்து வருமாயின் அத்தட்டை நம்பலாகாது.

இனி, முக்கியமான ஒன்றைக் கூறுவோம். கூகிள் நிறுவனத்தார் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுக்களை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். பழுதுற்றவற்றுள் நூற்றுக்கு 36க்கு மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக, அப்பதிவில் எவ்வகைப் பிழையெண்ணும் காட்டாமலே கெட்டன என்பது அதன் முடிபு. ஆகவே, குறி தோன்றின் தட்டுக் கெடும் என அஞ்சுதல் தகும். குறி தோன்றாமையால் நலமென்று இருத்தல் தகாது.

குறி கண்டவிடத்துச் செய்யத்தக்கது யாது? பழுது பார்க்கும் செயலிகளை ஓடவிடற்க. அவை நோயுற்ற தட்டை மேலும் வருத்தும். மீளப்பெற இயலாதவற்றை முதலிற் படியெடுத்து, பின் கணினியை நிறுத்துக. உராயும் ஒலி எழுமாயின் அதனையும் முயலாது உடனே நிறுத்தி, தரவு மீட்பில் வல்லாரிடம் ஒப்படைக்க. தட்டின் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. உட்புகும் தூசியே அதனைக் கெடுக்கும்.

உண்மைக் காப்பு, படியெடுத்தலே. மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில் என்பது கணினி வல்லார் கூறும் விதி. வெள்ளவத்தையில் வாழ்வோர் கொட்டாஞ்சேனையிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு படியை வைக்கலாம். வேறிடம் என்பதன் பொருளை நமக்கு விளக்க வேண்டுவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளாதொழிந்தன. 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது குடும்பப் படங்களும் சான்றிதழ்களும் உடனெரிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துப் பலர்க்கும் எட்டவைத்தது, இவ்விழப்புக்களை உணர்ந்தோர் செய்யும் பணியாகும்.

மாணவர்களே, பழைய மாணவர்களே, ஆசிரியப் பெருமக்களே! இழந்தால் மீளாதது எதுவோ அதனை இன்றே படியெடுங்கள். எடுத்த படி திறக்கின்றதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.