மூலிகையும் மருந்துதான்: நான்கு நம்பிக்கைகள், நான்கு உண்மைகள்

மலேசியாவின் பேராக் மாநிலப் பால்மரத் தோட்டங்களில் லயத்து வீடுகளைச் சுற்றி வேம்பும் நித்தியகல்யாணியும் கீழாநெல்லியும் இருந்தன. தோட்ட மருத்துவமனை டிரஸ்ஸர் கொடுத்த மாத்திரையும் பாட்டி காய்ச்சிய கஷாயமும் சேர்ந்துதான் பிள்ளைகளை வளர்த்தன. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, மக்கள் சுங்கை சிப்புட், புந்தோங் என்று குடிபெயர்ந்தார்கள். கைவைத்தியம் அவர்களுடனேயே வந்தது. இன்று அதோடு ஒட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பில் வருகிறது, “ஆராய்ச்சியில் நிரூபணமானது” என்ற வரி. அந்த ஆராய்ச்சிகள் சொன்னது என்ன?

நம்பிக்கை 1: கீழாநெல்லி எல்லா மஞ்சள்காமாலையையும் தீர்க்கும்.

உண்மை: காமாலை ஓர் அறிகுறி; அதற்குப் பல நோய்கள் காரணம். ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வந்தது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்து, 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயிலும் கண் மஞ்சளாகும். அதற்கு ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக் காத்திருந்தால் சிறுநீரகம் பழுதாகலாம்.

நம்பிக்கை 2: பப்பாளி இலைச்சாறு டெங்குவைக் குணமாக்கும்.

உண்மை: இதில் பாதி உண்மை இருக்கிறது. மலேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தினர் 228 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2013-இல் வெளியானது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு மூன்று நாள் இலைச்சாறும் கொடுத்தார்கள். 40 மணி நேரத்தில் அவர்களுடைய பிளேட்லெட் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்தது. ஆனால் டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான். அதை இலைச்சாறு தடுக்கும் என்று அந்தச் சோதனை காட்டவில்லை. காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்தான நாள். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை 3: நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள், பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தாலே போதும்.

உண்மை: முதல் பாதி சரி. ஜமைக்காவில் நீரிழிவுக்குக் குடித்த இந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபல் சோதித்தார். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தைப் பிடித்து அவரும் சார்ல்ஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் உயிர் காக்கிறது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தக் குழாய் வழியாகத்தான் செலுத்துகிறார்கள். கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று யாரால் அளக்க முடியும்?

நம்பிக்கை 4: இயற்கையானது கெடுதல் செய்யாது.

உண்மை: இதற்கு மறுப்பு நம் சமூகத்திலிருந்தே வந்தது. சளிக்கும் இருமலுக்கும் கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் மலேசியத் தமிழரிடம் இருந்தது. அப்படிக் கொடுத்த பின் வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு, வலிப்பு எனக் குழந்தைகள் பாதிக்கப்பட்டதை டி. சின்னையா, ஜி. பாஸ்கரன் என்ற இரு மருத்துவர்கள் 1981-இல் ‘லான்செட்’ இதழில் பதிவு செய்தார்கள். ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி போன்ற பாதிப்பு அது. கொடுத்தவர்கள் எல்லாரும் அன்பால் கொடுத்தவர்கள். தோலில் தடவும் எண்ணெய் வேறு, குழந்தையின் வயிற்றுக்குள் போகும் எண்ணெய் வேறு.

கடையில் மூலிகை மருந்து வாங்கினால் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். பாரம்பரிய மருந்துக்குரிய அந்த எண் பாதுகாப்புக்கும் தரத்துக்கும் அடையாளம். நோய் தீரும் என்பதற்குச் சான்றாகாது. நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. எந்த இலையைச் சாப்பிட்டாலும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் ஒரு சொட்டுகூடப் புகட்டாதீர்கள்.