முதல் காம்பவுண்ட் வில்: உங்கள் அளவுக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் 5 தங்கங்களையும் இந்தியாவே அள்ளியது. அதே ஆண்டு பெர்லினில் 17 வயது அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேவும் உலகச் சாம்பியன் ஆனார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறுகிறது. பயிற்சிக் களங்களில் சொந்த வில் வாங்க ஆசைப்படும் பிள்ளைகள் பெருகுவதில் வியப்பில்லை. அவர்களும் பெற்றோரும் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

காம்பவுண்ட் வில்லின் இரு முனையிலும் கேம் எனப்படும் சக்கரங்கள் உண்டு. அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சக்கரம் இல்லாத ரிகர்வ் வில்லில் நாணை இழுக்க இழுக்க பாரம் ஏறிக்கொண்டே போகும். காம்பவுண்டில் பாரம் உச்சத்தைத் தொட்டபின் சட்டென்று குறையும். அதன் பிறகு ஓர் இடத்தில் நாண் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அந்த இடம் கேமிலேயே தீர்மானிக்கப்பட்டது. அளவு தவறினால் வில் வளைந்து கொடுக்காது, உங்கள் கழுத்தும் தோளும்தான் வளைய வேண்டும். அதனால்தான் இந்த வில்லில் அளவே முதல் கணக்கு.

படி 1: ஆதிக்கக் கண்ணைக் கண்டுபிடியுங்கள்

இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, தூரத்தில் உள்ள ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். வலக்கண் என்றால் வலக்கை வில்: இடக்கையால் பிடித்து வலக்கையால் இழுப்பது. கையும் கண்ணும் வேறுபட்டால் பயிற்சியாளரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். வாங்கியபின் கை மாற்ற வழியில்லை.

படி 2: டிரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்)

சுவரோரம் நின்று இரு கைகளையும் இயல்பாக விரியுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை இன்னொருவர் அளக்கட்டும். அதை 2.5ஆல் வகுங்கள். 165 செ.மீ. என்றால் 66 செ.மீ., அதாவது ஏறக்குறைய 26 அங்குலம்.

இது தொடக்கக் கணக்குதான்; வில்லை முழுதாக இழுத்து நிற்கும்போதுதான் உண்மை தெரியும். தலையைச் சாய்க்காமலே நாண் மூக்கு நுனியைத் தொட வேண்டும். வில் பிடித்த தோள் தாழ்ந்தே இருக்க வேண்டும். தலை பின்னால் போனாலோ, தோள் காதை நோக்கி ஏறினாலோ, நாண் முன்கையில் அடித்தாலோ, அளவு நீளம். இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்றால் அரை அங்குலம் குறைவானதையே எடுங்கள். சீனியரின் பழைய வில், அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட கதையாக முடிவது இந்த அளவில்தான்.

வளரும் பிள்ளைக்கு வாங்கினால், கேமில் உள்ள மாட்யூலைத் திருப்பியே டிரா லெங்த்தை மாற்ற முடிகிற வில்லைக் கேளுங்கள். சில வில்களில் ஒவ்வொரு அளவுக்கும் தனி மாட்யூல் வாங்க வேண்டியிருக்கும்.

படி 3: டிரா வெயிட் (இழுக்கும் பாரம்)

சர்வதேசப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்ச வரம்பு 60 பவுண்டு. அந்த எண்ணை எட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒரு தகுதிச் சுற்றில் 50 மீட்டரிலிருந்து 72 அம்புகள் எய்ய வேண்டும். 72ஆவது அம்பையும் முதல் அம்பைப் போலவே இழுக்க முடிகிற பாரமே உங்கள் பாரம்.

சோதிப்பது எளிது. நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேராகப் பிடித்து, வானத்தைப் பார்த்துத் தூக்காமல் இழுத்துப் பாருங்கள். உடல் குலுங்கினால் பாரம் அதிகம். பெரும்பாலான வில்களில் லிம்ப்பை, அதாவது வில்லின் வளையும் கையை, இறுக்கும் லிம்ப் போல்ட்டைத் தளர்த்தி உச்சத்திலிருந்து சுமார் 10 பவுண்டு குறைக்கலாம். இப்போது 42 பவுண்டு வசதி என்றால் 50 பவுண்டு லிம்ப் போதும்.

முழுதாக இழுத்தபின் குறையும் பாரத்தின் விகிதமே லெட்-ஆஃப். 50 பவுண்டு வில்லில் 80 சதவீதம் என்றால் கையில் நிற்பது 10 பவுண்டு. 65 சதவீதம் என்றால் 17.5. புதியவர்களுக்கு 75 முதல் 80 சதவீதம் இதமாக இருக்கும்.

படி 4: வில்லின் நீளமும் வேகமும்

இரு கேம்களின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்தான் வில்லின் நீளம். 30 அங்குலம் அளவிலான குட்டை வில்கள் காட்டுக்குள் வேட்டையாடச் செய்யப்பட்டவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. நமக்கு வேண்டியது இலக்கு வில். 36 முதல் 40 அங்குலம். நீள வில் கையில் அலைபாயாது. டிரா லெங்த் குறைந்தவர்களுக்கு 36 பக்கமே பொருந்தும். பிடியிலிருந்து நாண்வரை உள்ள பிரேஸ் ஹைட் 7 அங்குலத்தை ஒட்டி இருந்தால், சிறு பிழைகளை வில் பொறுத்துக்கொள்ளும்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் வேகம் 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு என்ற கணக்கில் அளந்தது. போட்டியில் அனுமதிக்கப்படாத பாரம் அது. 26 அங்குலம், 42 பவுண்டுக்காரருக்கு அந்த வேகம் கிடைக்கவே கிடைக்காது.

படி 5: முழுச் செலவையும் போடுங்கள்

பெட்டியில் வருவது பெரும்பாலும் வெறும் வில்தான். குறிபார்க்கும் சைட், லென்ஸ் உள்ள ஸ்கோப், நாணில் பொருத்திப் பார்க்கும் பீப், அம்பைத் தாங்கும் ரெஸ்ட், வில்லை நிலைநிறுத்தும் ஸ்டெபிலைசர், நாணை விடுவிக்கும் ரிலீஸ், அம்புகள் எல்லாம் தனி. மொத்தப் பணத்தையும் வில்லிலேயே போட்டுவிட்டு மட்டமான அம்பு வாங்கினால் புள்ளி ஏறாது. அம்பின் விறைப்பு உங்கள் பாரத்துக்கும் நீளத்துக்கும் ஒத்திருக்க வேண்டும். எடை பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் குறையக் கூடாது.

நாண் மாற்ற, வில்லை அழுத்திப் பிடிக்கும் வில் பிரஸ் வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அது யாரிடம் இருக்கிறது, எந்த கம்பெனி வில்லுக்கு அவரிடம் உதிரிபாகம் கிடைக்கும் என்று விசாரியுங்கள். கம்பெனியை முடிவு செய்யும் இடம் இதுதான்.

படி 6: பழைய வில் என்றால்

கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்ப்பின் ஓரங்களில் மெல்லத் தேய்த்துக்கொண்டே போங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே கீறலோ வெடிப்போ இருக்கலாம், வாங்காதீர்கள். கேமின் விளிம்பில் நெளிவு இருக்கிறதா, நாணில் பிசிறு எழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாண் மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

படி 7: எய்து பார்த்து எடுங்கள்

மூன்று அம்பில் எந்த வில்லும் நன்றாகத்தான் தோன்றும். முடிந்தால் முப்பதுக்குக் குறையாமல் எய்யுங்கள். கடைசி அம்புகளில் சைட் எவ்வளவு ஆடுகிறது என்று கவனியுங்கள். கண்ணை மூடி இழுத்து, நிலைகொண்டு, திறந்து பாருங்கள். பீப் நேராகக் கண்ணுக்கு வர வேண்டும். வராவிட்டால் பீப்பின் உயரத்தையோ டிரா லெங்த்தையோ சரிசெய்யச் சொல்லுங்கள். அம்பு இல்லாமல் நாணை மட்டும் விடாதீர்கள். லிம்ப் வெடிக்கும், ஆளுக்கும் அடிபடும்.

வாங்கிய அன்றே லிம்ப் போல்ட் எத்தனை சுற்று தளர்த்தியிருக்கிறது, பிரேஸ் ஹைட் எவ்வளவு, கேமின் குறி எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். பின்னால் அம்புகள் திடீரென்று இடம் மாறினால் பிழை வில்லிலா உங்களிடமா என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடும்.