பெயரின் பொருள் அறிவோம், பெயரை முழுதாய்க் காப்போம்



சென்ற ஆண்டு கல்வி உதவி விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் தம் மகனின் சான்றிதழ்களை என் மேசையில் வைத்தார். பெயரைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் 'அப்துர் ரஹ்மான்'. பள்ளிச் சான்றிதழில் 'அப்துல் ரகுமான்'. ஆதாரில் 'ரஹ்மான்' மட்டும். வங்கிப் புத்தகத்தில் 'அப்துல்' மட்டும். நான்கும் ஒரே பிள்ளை.

நம் டிரஸ்டின் உதவியைக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வரவேண்டிய வேறோர் உதவித்தொகை, பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பிப் போய்விட்டது. திருத்தி முடிப்பதற்குள் கடைசித் தேதி கடந்துவிட்டது. "பேருதானே அண்ணே, எல்லாம் ஒண்ணுதானே?" என்று அந்தத் தாய் கேட்டார். அவருக்கு அன்று அவசரமாகச் சொன்ன பதிலை எல்லோருக்கும் நிதானமாகச் சொல்லவே இந்தப் பாடம்.

பாதிப் பெயர் பெயராகாது

'அப்து' என்றால் அடியான். 'அர்ரஹ்மான்' என்பது அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருநாமம். இரண்டும் சேர்ந்தால்தான் 'அருளாளனின் அடியான்' என்ற பொருள் முழுமையாகிறது. வெறும் 'அப்துல்' என்றால் 'இன்னாரின் அடியான்' என்று சொல்ல வந்து, இன்னார் யார் என்பதைச் சொல்லாமல் விட்டதாகும். வெறும் 'ரஹ்மான்' என்று ஒரு மனிதரை அழைப்பதோ அதைவிடக் கவனிக்க வேண்டியது. அந்த நாமம் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்று உலமாக்கள் எச்சரிக்கிறார்கள். அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்க, அப்படிப்பட்ட பெயரையா நாம் இரண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டாக அழைப்பது?

சரி, 'அப்துல்' எப்படி 'அப்துர்' ஆனது? மக்தப் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளைக் கேளுங்கள். அரபியின் 28 எழுத்துகளில் 14 ஷம்ஸிய்யா, 14 கமரிய்யா. ஷம்ஸிய்யா எழுத்து பின்னால் வந்தால் 'அல்' என்பதன் லாம் ஒலிக்காது, அடுத்த எழுத்து இரட்டிக்கும். ஆகவே எழுத்தில் லாம் இருந்தாலும் ஓதும்போது 'அப்துர் ரஹ்மான்'. கமரிய்யா எழுத்து வந்தால் லாம் அப்படியே ஒலிக்கும்: அப்துல் காதிர், அப்துல் கரீம். நூருத்தீன், ஷம்சுத்தீன் போன்ற பெயர்களிலும் இதே விதிதான். எழுத்தைப் பார்த்து எழுதினவர் ஒரு விதமாகவும், ஓசையைக் கேட்டு எழுதினவர் இன்னொரு விதமாகவும் எழுதினார்கள். இருவர் மீதும் குற்றமில்லை. ஆனால் கணினிக்கு அவை இரண்டு வேறு மனிதர்கள்.

ஒரே வேர், பல கிளைகள்

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைக்கின்றன. ஹா, மீம், தால் என்ற மூன்றும் 'புகழ்' என்ற பொருளுக்கு வேர். அதிலிருந்துதான் முஹம்மது (மிகவும் புகழப்பட்டவர்), மஹ்மூது (புகழுக்குரியவர்), அஹ்மது, ஹாமித், ஹமீதா எல்லாம் வருகின்றன. நாம் ஓதும் 'அல்ஹம்து'வும் இதே வேர்தான். இதை அறிந்த பிள்ளை தன் பெயரை ஒவ்வொரு தொழுகையிலும் சந்திக்கிறது.

அரபி மட்டும்தானா?

'முஸ்லிம் பெயர் என்றால் அரபிப் பெயர்' என்று பலர் எண்ணுகிறோம். நம் வருகைப் பதிவேட்டை விரித்தால் பல நாடுகள் தெரியும்.

இஸ்மாயீல் என்ற பெயரின் மூலம் எபிரேயம். 'இறைவன் செவியேற்கிறான்' என்பது அம்மொழியில் அதன் பொருள். நாம் யஹ்யா நபி (அலை) என்று சொல்பவரைக் கிறிஸ்தவ சகோதரர்கள் யோவான் என்பார்கள். எபிரேயத்தில் யோஹானான், 'இறைவன் அருளினான்' என்று பொருள். அதுவே ஆங்கிலத்தில் ஜான், ரஷ்ய மொழியில் இவான், ஸ்பானிய மொழியில் ஹுவான். தமிழ்க் கத்தோலிக்கர் பொருளையே மொழிபெயர்த்து 'அருளப்பர்' என்று வைத்துக்கொண்டார்கள்.

பர்வீன் பாரசீகச் சொல். வானில் கொத்தாகத் தெரியும் கார்த்திகை விண்மீன்களைக் குறிக்கும். அதே விண்மீன் கூட்டத்துக்கு அரபியில் சுரையா. பழந்தமிழில் அறுமீன். ஆக, தெருவில் விளையாடும் பர்வீனும் சுரையாவும் பக்கத்து வீட்டுக் கார்த்திகாவும் ஒரே விண்மீன் கூட்டத்தின் பெயரை மூன்று மொழிகளில் சுமக்கிறார்கள். யாஸ்மினும் பாரசீகம்தான். ஆங்கிலத்தின் ஜாஸ்மின் அங்கிருந்து போனதே.

பெண்களின் பெயருக்குப் பின் வரும் மரியாதைச் சொற்களும் இப்படித்தான். பேகம் துருக்கிய மொழி தந்தது. பீவி, பாரசீக 'பீபி'யின் நம்மூர் வடிவம். நாச்சியார் நம் தமிழ். 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் தமிழக ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவி அவர்களின் பெயரில் அரபியும் பாரசீகமும் கைகோத்து நிற்கின்றன.

தமிழ் நாவு செய்தது

பெயர்கள் நம் நாவில் உருமாறியதும் உண்டு. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழி தெரியாதவர் இல்லை. கீழக்கரையின் அந்த வள்ளலின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். மக்கள் அன்போடு அழைத்து அழைத்துச் சீதக்காதியாக்கினார்கள். அது அழகுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அரபியின் சில ஒலிகளைத் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது. 'கலீல்' என்று எழுதுகிறோம். கா எழுத்தில் தொடங்கினால் 'உற்ற தோழர்'. இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் சிறப்புப் பெயர். காஃப் எழுத்தில் தொடங்கினால் 'சொற்பம்'. 'ஆசியா' என்று எழுதுகிறோம். அலிஃபும் சீனும் கொண்டு எழுதினால் ஃபிர்அவ்னின் மனைவியான அந்த ஈமானிய வீராங்கனையின் பெயர். ஐனும் ஸாதும் கொண்டு எழுதினால் 'மாறு செய்பவள்'. ஓசை நன்றாக இருக்கிறது என்று செல்போனில் பார்த்துப் பெயர் வைக்கும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நபிவழி காட்டும் அளவுகோல்

'மாறு செய்பவள்' என்ற அந்தப் பெயரோடு ஒரு பெண்மணி இருந்தார். நபி (ஸல்) அவர்கள் அதை 'ஜமீலா' (அழகானவள்) என்று மாற்றினார்கள். 'ஹஸ்ன்' (கரடுமுரடு) என்ற பெயருடைய ஒருவரை 'ஸஹ்ல்' (இலகு) என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்றார் அவர். அந்தக் கடுமை எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். எகிப்திலிருந்து வந்த மாரியா (ரலி) அவர்கள் மாரியாவாகவே அறியப்பட்டார்கள். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு நபி (ஸல்) அவர்கள் தம் மூதாதையான இப்ராஹீம் நபியின் பெயரைச் சூட்டினார்கள். பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதைவிட, அதன் பொருள் நல்லதா என்பதே பார்க்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஏழாம் நாள் அகீகாவுக்கு முன்பே பெயரை முடிவு செய்து, ஹஜ்ரத்திடம் அரபி எழுத்தில் எழுதி வாங்கிப் பொருளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. அதே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டலை ஒருமுறை தீர்மானியுங்கள். பிறகு எங்கும் அதையே எழுதுங்கள்.

3. பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின் தாமதக் கட்டணத்துடன் 15 வயது வரை சேர்க்க விதி உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே அந்த ஒரு தாள் சரியாக இருக்கட்டும்.

4. பாஸ்போர்ட்டில் பெயரையும் தந்தை பெயரையும் முழுதாக விரித்து எழுதுங்கள். ஒற்றைச் சொல்லில் மட்டும் பெயர் உள்ளவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது நம்மவர் பட்ட பாடு நினைவிருக்கும்.

5. வீட்டில் செல்லமாக எப்படியும் அழையுங்கள். விண்ணப்பத்தில் செல்லப் பெயர் வேண்டாம்.

இதை ஊருக்கு உபதேசமாக மட்டும் சொல்லவில்லை. என் அத்தாவின் பெயரில் முன்பாதியை ஊரே விட்டுவிட்டது. மௌத்துப் பதிவிலும் பின்பாதியை மட்டும் எழுதிவிட்டார்கள். எழுதும்போது பக்கத்தில் நின்றவன் நான்தான். வாரிசுச் சான்றிதழுக்காக எட்டு மாதம் அலைந்தேன்.

அந்தத் தாயின் மகனுக்கு மூன்று ஆவணங்கள் திருத்தப்பட்டுவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். நான்காவது நடந்துகொண்டிருக்கிறது. போன ஆண்டுத் தொகை போனதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சான்றிதழ்களை இன்று இரவே எடுத்து வைத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அசல் ஆவணங்களுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பம் எழுதித் தருகிறோம்.

நம் பிள்ளைகளை அவர்களின் நல்ல பெயர்களுக்கு ஏற்ற நல்லடியார்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

– செயலாளர்