மெத்தென்ற கோதுமை டார்ட்டியா: சொனோரா வீடுகளின் முறை

மெக்சிகோ நாட்டின் ரொட்டி என்றால் மக்காச்சோள ரொட்டி என்பதே பொதுவான எண்ணம். அந்நாட்டின் நடுப்பகுதிக்கும் தென்பகுதிக்கும் இது பொருந்தும். சுண்ணாம்பு நீரில் சோளத்தை வேகவைத்து, கழுவி அரைத்து, தட்டிச் சுடுவது அங்குள்ள பழைய முறை. ஆனால் வடமேற்கு மூலையில், அமெரிக்காவின் அரிசோனாவை ஒட்டியுள்ள சொனோரா மாநிலத்தில் வீட்டுக்கு வீடு சுடப்படுவது கோதுமை ரொட்டி. இதற்கும் டார்ட்டியா என்றே பெயர். ஸ்பானிய மொழியில் இச்சொல் சிறு அப்பம் என்று பொருள்படும். ஸ்பெயினுக்குப் போய் டார்ட்டியா கேட்டால் முட்டை அடை வரும் என்பது வேறு விஷயம்.

இந்திய விவசாயிகளுக்குச் சொனோரா என்ற பெயர் புதிதல்ல. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. லெர்மா ரோஜோ-64, சொனோரா-64 ஆகியவை அதில் வந்த ரகங்கள். விளைச்சல் அமோகமாக இருந்தது. ஆனால் மணி செந்நிறமாக இருந்ததால் சப்பாத்தி உண்ணும் மக்கள் முகம் சுளித்தனர். சந்தையில் விலையும் குறைந்தது. புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் சொனோரா-64 விதைக்குக் காமா கதிர் பாய்ச்சி, பொன்னிற மணி தரும் சர்பதி சொனோரா என்ற ரகத்தை 1967-ல் வெளியிட்ட பிறகே அந்தக் குறை நீங்கிற்று. கோதுமையில் மகசூல் பாதிக் கதை. தட்டில் விழும் ரொட்டி மீதிக் கதை. சொனோராவிலும் அப்படித்தான்.

சோளம் இருக்கக் கோதுமை ஏன்?

கோதுமை மெக்சிகோவின் சொந்தப் பயிர் அல்ல. 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்தது. சொனோராப் பகுதியில் அது வேரூன்றியது ஏசு சபைப் பாதிரிமார்களின் காலத்தில். அவர்களில் பெயர் பெற்றவரான கீனோ பாதிரியார் 1687-ல் அங்கு வந்தார். சோளமும் அவரையும் பூசணியும் அம்மக்களின் கோடைப் பயிர்கள். உறைபனி விழும் குளிர்காலத்தில் நிலம் சும்மா கிடந்தது. அந்த இடைவெளியில் கோதுமை பொருந்தியது. குளிரில் விதைத்து, கோடை தொடங்கும்போது அறுக்கலாம். முந்தைய சோளம் தீர்ந்து அடுத்த சோளம் வராத பஞ்ச மாதங்களில் கையில் தானியம் இருந்தது.

அங்கு நிலைத்த பழைய ரகம் வெள்ளை சொனோரா எனப்படுவது. மணி வெளுப்பு, மாவு மிருது, பிசைந்தால் அறுபடாமல் நீளும். வறட்சியைத் தாங்கும். பயிர் உயரமானதால் உரம் அதிகம் போட்டால் சாய்ந்துவிடும். நார்மன் போர்லாக் 1944-ல் மெக்சிகோ வந்து, துரு நோயைத் தாங்கும் ரகங்களையும், பின்னர் ஜப்பானிய நோரின்-10 வழி வந்த குட்டை ரகங்களையும் சொனோராவின் யாக்கி பள்ளத்தாக்கில் உருவாக்கியதும், பழைய ரகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அவருக்கு 1970-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. வெள்ளை சொனோரா வயல்களை விட்டு மறைந்துகொண்டிருந்தது. அரிசோனாவின் டூசான் நகரில் 1983-ல் தொடங்கப்பட்ட நாட்டு விதைக் காப்பகம் போன்றவை விதையைக் காத்து வைத்ததால் இன்று சிறிய அளவில் மீண்டும் பயிராகிறது.

யாக்கி பள்ளத்தாக்கில் இன்று பெரும்பாலும் விளைவது ரொட்டிக் கோதுமைகூட அல்ல. சேமியா, மக்ரோனி வகைகளுக்கு ஏற்ற துரும் கோதுமை. அதில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. இதற்கு ஒரு நோயும் காரணம். அரியானாவின் கர்னாலில் 1931-ல் கண்டறியப்பட்ட கர்னால் கரிப்பூட்டை, 1972-ல் மெக்சிகோவில் இருப்பது தெரியவந்தது. துரும் கோதுமையை அது அவ்வளவாகத் தாக்குவதில்லை. கோதுமைக்குப் பெயர்போன ஊரில், அன்றாட ரொட்டிக்கான மாவை வேறு கோதுமையில் தேட வேண்டிய நிலை.

மெத்தென்று வருவது எதனால்?

சொனோரா வீட்டு டார்ட்டியாவுக்கு நான்கு பொருள்களே: சலித்த வெள்ளை மாவு, கொழுப்பு, உப்பு, வெந்நீர். சப்பாத்தி செய்யத் தெரிந்த எவருக்கும் இது பாதி தெரிந்த வேலை. மறுநாள் காலையிலும் விரலில் சுற்றும்படி மெத்தென்று இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். மாடு மேய்க்கவும் வயல் வேலைக்கும் விடியுமுன் புறப்படுவோருக்கு, அவித்த அவரையையோ உலர்ந்த இறைச்சியையோ உள்ளே வைத்துச் சுருட்டிக் கொடுத்தனுப்பும் ரொட்டி இது. மடிக்கும்போது விண்டுபோனால் பயனில்லை.

கோதுமை மாவில் நீர் பட்டதும் அதிலுள்ள புரதம் ரப்பர் போன்ற பசையாகிறது. குளூட்டன் என்பது அதுவே. இந்தப் பசை நீண்ட இழைகளாகப் பின்னிக்கொண்டால் ரொட்டி இழுபடும்; ஆறினால் தோல் போலாகும். நீர் ஊற்றும் முன்பே மாவில் கொழுப்பைப் பிசறினால், மாவுத் துகள்களின் மேல் கொழுப்பு படிந்து நீர் முழுதும் உள்ளே போகாமல் தடுக்கிறது. இழைகள் குட்டையாகவே நிற்கின்றன. ரொட்டி கடிக்க மிருதுவாகிறது. ஆகவே முதலில் கொழுப்பு, பிறகே தண்ணீர். வரிசையை மாற்றி, பிசைந்த மாவில் நெய்யைச் சேர்ப்பவர்களுக்கு இந்தப் பலன் பாதியே கிடைக்கும்.

வெந்நீர் ஊற்றுவதற்கும் காரணம் உண்டு. உறைந்த கொழுப்பு இளகி மாவெங்கும் பரவும். மாவும் கைக்கு இணங்கும். விரல் பொறுக்கும் சூடு போதும். கொழுக்கட்டை மாவுக்கு ஊற்றுவதுபோல் கொதிநீரை ஊற்றக் கூடாது. மாவிலுள்ள புரதமும் வெந்துவிட்டால், இடும்போது ஓரம் பிளக்கும்.

அளவு

20 டார்ட்டியாக்களுக்கு: மைதா 500 கிராம், உப்பு 2 சிறு கரண்டி மட்டமாக, கொழுப்பு 100 கிராம், வெந்நீர் 250 முதல் 280 மி.லி.

சொனோராவில் பழைய வழக்கம் பன்றிக் கொழுப்பு. அதை உண்ணாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கேயே தாவரக் கொழுப்பில் செய்யும் வீடுகள் ஏராளம். நெய் நன்றாகப் பொருந்தும். கெட்டியாக உறைந்திருக்கும்போது பிசறுவது நலம். வனஸ்பதியும் ஆகும். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளதால், உறையில் அச்சிட்டுள்ள விவரத்தைப் பார்த்து வாங்கலாம். கடலெண்ணெய் போன்ற திரவ எண்ணெயானால் 80 மி.லி. போதும். சூட்டோடு சாப்பிட அதுவும் மிருதுவே. ஆனால் நெய்யில் வரும் மெல்லிய அடுக்குத்தன்மை அதில் வராது. வெண்ணெயில் நீர் கலந்திருப்பதால் உருக்கி நெய்யாக்கிக்கொள்வதே மேல்.

மைதா வேண்டாம் என்பவர்கள் கால் பங்கு ஆட்டா சேர்க்கலாம். தண்ணீர் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். முழுவதும் ஆட்டாவில் செய்தால் நல்ல சப்பாத்தி கிடைக்கும், டார்ட்டியா கிடைக்காது. தவிட்டுத் துணுக்குகள் பசை இழைகளை ஆங்காங்கே அறுப்பதால் அவ்வளவு மெல்லியதாக இட முடியாது.

பேக்கிங் பவுடர் போடுவதா என்பது அங்கு வீட்டுக்கு வீடு மாறும். போட்டால் சற்றுத் தடித்து உப்பலாக வரும். 500 கிராமுக்கு 1 சிறு கரண்டிக்கு மேல் போனால் வாசனை கெடும். மெல்லிய டார்ட்டியாவுக்கு அது தேவையே இல்லை.

பிசைவதும் ஆறவிடுவதும்

மாவையும் உப்பையும் அகலமான பாத்திரத்தில் கலந்து, கொழுப்பைச் சேர்த்து, விரல் நுனிகளால் ஈர மணல் போல உதிரும்வரை பிசற வேண்டும். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். தட்டினால் உதிர வேண்டும். இதுவே பதம். பிறகு முக்கால் பங்கு வெந்நீரை ஊற்றிக் கிளறி, மீதியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பிசைய வேண்டும். மாவுக்கு மாவு நீர் பிடிக்கும் அளவு வேறுபடும் என்பதால் எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றிவிடக் கூடாது. பூரி மாவைவிட நன்கு தளர்வாக, காது மடலைத் தொடுவதுபோல் இருந்தால் சரி. 5 முதல் 8 நிமிடம் பிசைந்தால் மேற்பரப்பு வழவழப்பாகும்.

மூடி 10 நிமிடம் வைத்து, 20 சம உருண்டைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு, ஏறத்தாழ 44 கிராம் இருக்கும். ஓரங்களை அடியில் மடித்து மடித்து உருட்டினால் மேற்புறம் இழுபட்டு வழவழப்பாகும். இட்டதும் வட்டமாக வரும். உருண்டைகளின் மேல் சிறிது எண்ணெய் தடவி, ஈரத்துணியால் மூடி, குறைந்தது அரைமணி நேரம் விட்டுவைக்க வேண்டும். ஒரு மணி நேரமானால் இன்னும் நல்லது.

அவசரப்படுபவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். பிசைந்த உடனே பசை இழைகள் விறைத்திருக்கும். இட்ட வட்டம் கட்டையை எடுத்ததும் சுருங்கும். சுருங்குவதைப் பார்த்து மேலும் அழுத்தி இடுவார்கள். மாவைத் தூவித் தூவி இடுவார்கள். ரொட்டி தடிமனாகி, தூவிய மாவை எல்லாம் இழுத்துக்கொண்டு வறண்டுபோகும். விட்டுவைத்த உருண்டை தானாகவே இணங்கும்.

இடுவதும் சுடுவதும்

உருண்டையைக் கையால் தட்டையாக அழுத்தி, நடுவிலிருந்து வெளியே ஒரு முறை உருட்டி, கால் வட்டம் திருப்பி மீண்டும் உருட்ட வேண்டும். 18 முதல் 20 செ.மீ. அகலம் வரலாம். பலகையின் மரக்கோடு நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். எண்ணெய் தடவிய உருண்டைக்குத் தூவுமாவு அநேகமாகத் தேவைப்படாது. தூவினால் கல்லில் போடுமுன் தட்டிவிட வேண்டும். கல்லில் உதிரும் மாவு கருகி, அடுத்த ரொட்டியைக் கசக்கச் செய்யும்.

சொனோராவில் கைதேர்ந்த பெண்கள் கட்டையைத் தொடுவதே இல்லை. உருண்டையைக் கையிலிருந்து கைக்கு வீசி, முழங்கைவரை படரவிட்டு, அரை மீட்டருக்கு மேல் அகலமாக்கி விடுவார்கள். வெளிச்சம் ஊடுருவும் அளவு மெல்லிய அந்தப் பெரிய ரொட்டிக்குச் சொபாகேரா என்று பெயர். அக்குள்வரை நீள்வது என்பதால் வந்த பெயர் என்பார்கள். கவிழ்த்த வாணலி போல் குவிந்த இரும்புக் கல்லில், மெஸ்கீட் விறகுத் தீயில் அதைச் சுடுகிறார்கள். மெஸ்கீட் வேறு மரம் அல்ல. தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் என்று வெட்டித் தள்ளும் மரத்தின் நெருங்கிய உறவு. வீச்சு புரோட்டா வீசத் தெரிந்த கைக்குச் சொபாகேரா எட்டக்கூடியதே. மற்றவர்களுக்குச் சிறிய டார்ட்டியா போதும்.

சுடுவதற்கு எண்ணெய் தடவாத கனத்த இரும்புத் தோசைக்கல் உகந்தது. நீர்த்துளி விட்டால் முத்தாக ஓடி மறைய வேண்டும். அந்தச் சூட்டில் ரொட்டியைப் போட்டால் 30 விநாடிக்குள் மேலே குமிழ்கள் எழும். திருப்பிப் போட்டு மேலும் 30 விநாடி. பிறகு ஒருமுறை திருப்பி எடுத்துவிடலாம். வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளிகளும், இடையில் வெண்மையும் இருக்க வேண்டும். கரண்டியால் அழுத்தக் கூடாது. உள்ளே உள்ள ஆவி ஓரத்தால் ஓடிவிடும்.

டார்ட்டியா அப்பளம் போல் முறிகிறதென்றால் பெரும்பாலும் தீ குறைவு என்று பொருள். கல் சூடு போதாமல் இரண்டு மூன்று நிமிடம் கிடந்தால் நீரெல்லாம் வற்றிவிடுகிறது. புள்ளி விழக் காத்திருந்து காத்திருந்து காயவைப்பார்கள். தீயைக் கூட்டுவதே இதற்கு மருந்து. மாறாக, போட்ட சில விநாடிகளிலேயே கருகி, நடுவில் பச்சை மாவு நின்றால் தீயைக் குறைக்க வேண்டும்.

கல்லிலிருந்து எடுத்ததும் தடித்த பருத்தித் துண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூட வேண்டும். வெளியேறும் ஆவி மேல்தோலில் திரும்ப இறங்கி, அதை இளக்கும். சுட்டவுடன் சற்று விறைப்பாகத் தெரியும் டார்ட்டியா, துணிக்குள் 10 நிமிடம் இருந்தபின் கைக்குட்டைபோல் மடியும். தட்டில் பரப்பி ஆறவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண். எவர்சில்வர் டப்பாவில் நேரே அடைத்தால் ஆவி நீராகச் சொட்டி அடி ரொட்டி நைந்துபோகும். துணி சுற்றியே அடைக்க வேண்டும்.

வைத்திருக்கும் நாள்

கடையில் விற்கும் உறை டார்ட்டியா வாரக்கணக்கில் கெடாமல் இருப்பது, அதில் சேர்க்கும் அமிலங்களாலும் பூசணத்தடுப்புப் பொருள்களாலும். வீட்டில் செய்வதில் அவை இல்லை. நம்மூர் வெயிலில் ஒரு நாள் வைக்கலாம்; இரண்டாம் நாள் ஓரங்களைப் பார்த்தே எடுக்க வேண்டும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் கெடாது, ஆனால் சீக்கிரம் விறைக்கும். மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகுகிறது. அதிகம் செய்பவர்கள் ஆறியபின் காற்றுப் புகாத உறையிலிட்டு உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும்.

விறைத்த டார்ட்டியாவை எறிய வேண்டாம். கையில் தண்ணீர் தொட்டு இருபுறமும் லேசாகத் தடவி, காய்ந்த கல்லில் பக்கத்துக்கு 15 விநாடி காட்டினால் மறுபடி இளகும். இது ஒருமுறைக்குத்தான் பலிக்கும். இரண்டாம் முறை சூடாக்கியது இளகாது. அதை முக்கோணமாக நறுக்கி எண்ணெயில் பொரித்து, பிள்ளைகளுக்கு மாலைத் தீனியாக்கிவிடலாம்.