பழைய வாத்து, முயல், எலி காமிக்ஸ் சேர்ப்பவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

தூர்தர்ஷனில் ‘டக் டேல்ஸ்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கிள் ஸ்க்ரூஜை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காசுக் குவியலில் நீச்சலடிக்கும் அந்தக் கஞ்ச வாத்து, தொலைக்காட்சிக்காகப் பிறந்தவர் அல்ல. 1947 டிசம்பரில், அமெரிக்காவில் 10 சென்ட்டுக்கு விற்ற ஒரு காமிக்ஸ் இதழில் பிறந்தவர். 1940களிலும் 50களிலும் அந்த நாட்டில் வாத்தும் முயலும் எலியும் காக்கையும் சட்டை போட்டுக்கொண்டு பேசிய இதழ்கள் லட்சக்கணக்கில் விற்றன. பிள்ளைகள் படித்துக் கசக்கிப் போட்டதுபோக மிஞ்சியவைதான் இன்று நம் கைக்கு வருகின்றன. விற்று லாபம் பார்க்கச் சேர்ப்பவர்களுக்கு வேறு வழிகாட்டிகள் இருக்கின்றன. இந்தக் குறிப்புகள், கதைக்காகவும் படத்துக்காகவும் சேர்ப்பவர்களுக்கு.

1. எல்லாவற்றையும் சேர்க்க ஆசைப்படாதீர்கள். டெல் நிறுவனத்தின் ‘ஃபோர் கலர்’ வரிசை மட்டுமே 1939 முதல் 1962 வரை 1,300 இதழ்களைத் தாண்டியது. அதில் மேற்கத்திய கௌபாய்களும் உண்டு, சினிமாக் கதைகளும் உண்டு, டொனால்ட் டக்கும் உண்டு. ஒரு பாத்திரத்தையோ தலைப்பையோ தேர்ந்தெடுப்பதைவிட ஓர் ஓவியரைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பேன். ஒரே டொனால்டைப் பலர் வரைந்திருக்கிறார்கள். சிலருடையது உயிரோடு நிற்கும், சிலருடையது வெறும் அச்சுப் பொம்மை.

2. வாத்துக்கதைகளை வரைந்த கார்ல் பார்க்ஸின் கைவண்ணத்தை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். டிஸ்னி இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் அப்போது இல்லை. வாசகர்கள் அவரை ‘நல்ல வாத்து ஓவியர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1960 வாக்கில்தான் ரசிகர்கள் பெயரைத் துப்பறிந்து அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஆகவே இன்றும் கண்தான் முதல் சான்று. ‘வால்ட் டிஸ்னிஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்’ மாத இதழை எடுத்தால், முதலில் வரும் பத்துப் பக்க டொனால்ட் கதையைப் பாருங்கள். 1943 ஏப்ரலில் வந்த 31ஆம் இதழிலிருந்து இருபது வருடங்களுக்கும் மேலாக அந்த இடம் பெரும்பாலும் அவருடையது. பக்கத்துக்கு நான்கு வரிசை, வரிசைக்கு இரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் வாத்தின் உடம்பு முழுவதும் நடிக்கும். கோபம் வந்தால் அலகு மட்டும் திறக்காது, கால் விரல்கூட விறைக்கும். டொனால்டின் மூன்று மருமகப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நிற்கமாட்டார்கள். பின்னணியில் மலையோ கப்பலோ வந்தால் அது உண்மையான மலை, உண்மையான கப்பல் மாதிரியே இருக்கும். ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தவர் அவர். டோனி ஸ்ட்ரோபல், ஜாக் பிராட்பரி போன்றவர்கள் வரைந்த வாத்துக்கதை ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சில இதழ்களிலேயே கண் பழகிவிடும்.

3. முதலில் எந்தக் கதை வாங்கலாம் என்று கேட்டால், 1949இல் ‘ஃபோர் கலர்’ 223ஆம் எண்ணாக வந்த ‘லாஸ்ட் இன் தி ஆண்டிஸ்’ என்பேன். அருங்காட்சியகத்தில் தூசி தட்டும் கடைநிலை வேலையில் இருக்கும் டொனால்ட், சதுரக் கற்கள் என்று வைத்திருந்தவை முட்டைகள் என்று கண்டுபிடிக்கிறார். அவை வந்த இடத்தைத் தேடி மருமகப் பிள்ளைகளோடு ஆண்டிஸ் மலைக்குப் போனால், பனிமூட்டத்துக்கு நடுவே ஓர் ஊர். அங்கே கோழியும் சதுரம், வீடும் சதுரம், மனிதர்களும் சதுரம். உருண்டையாக எதையும் உருவாக்குவது சட்டப்படி குற்றம். பிள்ளைகள் வாயிலோ பபிள் கம்! சிறுவர்களுக்கு எழுதிய கதை என்று யாரும் அதில் வேலையைக் குறைக்கவில்லை. அசல் இதழின் விலை கையைக் கடிக்கும். ஆனால் 2011 முதல் ஃபேன்டகிராஃபிக்ஸ் வெளியிட்டுவரும் பார்க்ஸ் தொகுப்பு வரிசையின் முதல் வெளியீடே இந்தக் கதையின் பெயரில்தான் வந்தது. அதை வாங்கிப் படித்துவிட்டு, பிறகு அசலைத் தேடலாமா என்று முடிவு செய்யுங்கள்.

4. ‘அங்கிள் ஸ்க்ரூஜ்’ முதல் இதழைத் தேடி அலையவேண்டாம். அட்டையில் 1, 2, 3 என்று எண் போட்ட ஸ்க்ரூஜ் இதழ்கள் அப்போது வரவில்லை. ‘ஃபோர் கலர்’ வரிசையின் 386, 456, 495 ஆகிய மூன்றும்தான் முதல் மூன்று. தனிப் பத்திரிகையாக எண் தொடங்குவது நான்கிலிருந்து. அதேபோல ‘டொனால்ட் டக்’ தனி இதழ் 1952இல் 26ஆம் எண்ணோடு தொடங்கும். ‘டாம் அண்ட் ஜெர்ரி காமிக்ஸ்’ 60ஆம் எண்ணோடு தொடங்கும். ஏனென்றால் அது ‘அவர் கேங்’ என்ற வேறொரு இதழின் தொடர்ச்சி. இந்தக் கணக்கு தெரியாமல், இல்லாத இதழ்களைப் பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

5. வால்ட் கெல்லியை விட்டுவிடாதீர்கள். டிஸ்னி ஸ்டுடியோவில் வேலை பார்த்துவிட்டு 1941இல் வெளியேறியவர். டெல்லின் ‘அனிமல் காமிக்ஸ்’ முதல் இதழில் ஆல்பர்ட் என்ற முதலையும் போகோ என்ற பாசமும் அவர் கையிலிருந்து வந்தார்கள். பாசம் என்பது கங்காரு போல வயிற்றுப்பை உள்ள சிறு விலங்கு. ஆரம்பத்தில் போகோ கூரிய மூக்கோடு அசல் விலங்கு மாதிரியே இருக்கும். போகப்போக முகம் உருண்டு, கண் பெரிதாகி, பின்னாளில் செய்தித்தாள்களில் புகழ்பெற்ற உருவத்துக்கு வரும். அந்த மாற்றத்தை இதழ் இதழாகப் பார்ப்பதுதான் இந்த வரிசையைச் சேர்ப்பதன் சுகம். கோடு கனத்து மெலிந்து ஓடும் அவருடைய தூரிகையை அச்சுத்தாளில் பார்க்கவேண்டும். போகோவுக்கென்றே டெல் வெளியிட்ட தனி இதழ்கள் 1949 முதல் 1954 வரை வந்தவை, மொத்தம் 16. முழுமையாகச் சேர்த்து முடிக்கக்கூடிய அளவு.

6. பட்ஜெட் சிறியதா? பெயர் தெரியாத விலங்குகள் பக்கம் போங்கள். டிசி நிறுவனத்தின் ‘ஃபாக்ஸ் அண்ட் தி க்ரோ’, சார்ல்டனின் ‘அட்டாமிக் மவுஸ்’, ஏசிஜியின் ‘ஹா ஹா’, ‘கிகில்’ போன்றவற்றில் ஓவியத்துக்குக் குறைவில்லை, போட்டிதான் குறைவு. இன்னொரு வழி, 1962க்குப் பிறகு கோல்ட் கீ பெயரில் வந்த டிஸ்னி இதழ்கள். பார்க்ஸ் 1966இல் ஓய்வு பெற்ற பிறகு, அவருடைய பழைய கதைகளையே அவற்றில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கதை அதே கதை, விலை பல மடங்கு குறைவு.

7. மறுபதிப்பில் படம் மாறியிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். 1949இல் வந்த ‘வூடூ ஹூடூ’ கதையின் பாம்பி என்ற பாத்திரத்தைப் பின்னாளில் மாற்றி வரைந்தார்கள். ‘பேக் டு தி க்ளோண்டைக்’ கதையிலிருந்து 1953இல் பதிப்பாளர் நீக்கிய பக்கங்கள் பல வருடங்கள் கழித்துத்தான் வெளிவந்தன. அந்தக் கால இதழ்களில் கறுப்பினத்தவரையும் ஆப்பிரிக்க மக்களையும் கேவலமாக வரைந்த பக்கங்கள் நிறைய. அவற்றைச் சேகரிப்பிலிருந்து ஒளிக்கவேண்டாம், ஆனால் குழந்தை கையில் விளக்கமில்லாமல் கொடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

8. வருடம் தெரிய அட்டையை நம்பாதீர்கள். முன்னட்டையின் உள்பக்கத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். எண், மாதம், வருடம், பதிப்பாளர் எல்லாம் அங்கே. இன்னொரு சின்ன அடையாளம்: 1955 தொடக்கத்திலிருந்து மற்ற பெரும்பாலான நிறுவனங்களின் அட்டையில் ‘காமிக்ஸ் கோட்’ என்ற தணிக்கை அமைப்பின் முத்திரை வரும். டெல் அந்த அமைப்பில் சேரவில்லை. அதனால் டெல் இதழில் முத்திரை இல்லாததை வைத்து 1955க்கு முந்தையது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

9. பணம் கொடுக்கும் முன் பக்கங்களை எண்ணுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். நடுத்தாள் பின்னிலிருந்து கழன்று விழுந்திருக்கும். அட்டை பளபளவென்று இருக்க, கதையின் முடிவு காணாமல் போயிருக்கும். கூப்பனையும் புதிர்ப் பக்கத்தையும் குழந்தைகள் கத்தரித்திருப்பார்கள், அதோடு பின்பக்கக் கதையில் இரண்டு கட்டமும் போயிருக்கும். 1950களின் சாதாரண இதழ் பெரும்பாலும் அட்டையோடு 36 பக்கம். 1940களின் தொடக்கத்தில் 68 பக்கம் வரை வந்தது, போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் குறைந்தது. போரின்போது பழைய காகிதம் சேகரிக்கும் இயக்கத்தில் ஏராளமான இதழ்கள் கூழாகிப் போனதால், அந்த வருடங்களின் இதழ் குறையோடு கிடைத்தாலும் தள்ளிவிடாதீர்கள்.

10. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நேர் மடிப்பு இருந்தால், அது பெரும்பாலும் சந்தாதாரருக்குத் தபாலில் மடித்து அனுப்பியது. படிக்க எந்தத் தடையும் இல்லை, விலை மட்டும் குறையும். பென்சிலில் எழுதிய தேதியும் அப்படித்தான். எனக்கு அவை குறையாகவே தெரிவதில்லை.

11. தரம் 0.5இலிருந்து 10 வரை சொல்வார்கள். 2.0 என்றால் நன்றாகக் கசங்கியது, ஆனால் கதை முழுதாக இருப்பது. படிக்க வாங்குபவருக்கு அது போதும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரையிட்டு மூடிய இதழ்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க இவற்றை வரைந்தவர்கள் வரையவில்லை. ஓரம் வெட்டிச் சமன்படுத்தியதா, தேய்ந்த இடத்தில் வண்ணம் தீட்டியதா என்று மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டியது போல வெளுப்பாக இருந்தால் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்.

12. செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருடங்களில் பசை பழுப்பாகி மறுபக்கம்வரை ஊறிவிடும். ஏற்கெனவே ஒட்டியிருப்பதைப் பிய்க்கவும் வேண்டாம். துருப்பிடித்த பின்னை இழுத்தால் காகிதம் சேர்ந்து வரும். அப்படியே விட்டுவிட்டு ஈரமில்லாத இடத்தில் வைப்பதே வைத்தியம்.

13. இந்தக் காகிதம் மரக்கூழில் செய்த மட்டமான செய்தித்தாள் வகை. அதில் இருக்கும் லிக்னின்தான் காலப்போக்கில் பழுப்பேற்றி, அமிலமாக்கி, விரல் பட்டதும் பொடியும்படி செய்கிறது. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். புத்தகங்களை வெயிலில் உலர்த்தும் நம் வீட்டுப் பழக்கம் இவற்றுக்கு ஆகாது. பரணும் ஆகாது, குளியலறையை ஒட்டிய சுவரில் உள்ள அலமாரியும் ஆகாது. வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில் வையுங்கள். ஓர் இதழுக்கு ஓர் உறை: மைலார் சிறந்தது, பாலிப்ராப்பிலீன் பரவாயில்லை, பிவிசி கூடவே கூடாது. உறைக்குள் அமிலமில்லாத அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, பெட்டியில் நிமிர்த்தி அடுக்குங்கள். இறுக்கித் திணித்தால் முதுகு மடங்கும், தளர்வாக விட்டால் சாய்ந்து வளையும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. மழை விட்டு இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

14. ராமபாணப் பூச்சிதான் பெரிய எதிரி. அந்துருண்டையைக் காகிதத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். அந்த வாடை காகிதத்தில் ஏறினால் லேசில் போகாது. பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும். நன்றாக உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ துணியில் முடிந்து, பெட்டிக்கு வெளியே அலமாரியின் மூலையில் வைக்கலாம். பழைய கடையிலிருந்து புதிதாக வந்த இதழை நேராகச் சேகரிப்போடு சேர்க்காமல் தனி உறையில் சில வாரம் வைத்துக் கவனியுங்கள். பூச்சி இருப்பது உறுதியென்றால், காற்றுப் புகாத இரட்டைப் பையில் கட்டி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுக்கலாம். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் காகிதத்தின் மேலேயே நீர் கோத்துவிடும்.

15. மக்கிய வாடை அடித்தால், மூடியுள்ள பெரிய டப்பாவின் அடியில் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா வைத்து, மேலே தட்டு போட்டு, இதழை லேசாக விரித்து வையுங்கள். சோடா இதழில் படக்கூடாது. ஒரு வாரத்தில் வாடை குறையும். பூஞ்சைப் புள்ளிகள் இருந்தால் அந்த இதழை மட்டும் தனியே பிரித்து வையுங்கள்.

16. படிக்கும்போது கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மேசையில் படுக்க வைத்து, வலது மேல் மூலையைப் பிடித்துப் புரட்டுங்கள். முதுகை முழுதாக மடக்கிப் பிடிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தால் தாராளமாகத் தரலாம்.

17. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தலைப்பு, எண், மாதம், வருடம், ஓவியர், குறையுள்ள பக்கம், வாங்கிய விலை. ஓவியர் யாரென்று உறுதியில்லாவிட்டால் கேள்விக்குறி போட்டு வைத்து, கண் பழகப்பழகத் திருத்திக்கொண்டே வாருங்கள்.

18. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், இதழைவிடப் பெரிய இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து, அட்டைகளின் வரி ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி கட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் தபால் பையில் வளையாது. தண்ணீர் புகாத உறை கட்டாயம். சுங்கவரி விவரத்தை முன்பே விசாரித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள், பார்சல் வந்ததும் பிரிக்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.